செம்பு பளபளத்தால் சூடு தணியுமா?

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கணினியின் மூளையான புரொசசர் சிப்பின் உலோக மேல்மூடியைச் சாண்ட்பேப்பரால் தேய்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சேர், மூடியைத் தேய்த்துச் செம்பைத் தெரியவைத்தால் சூடு குறையுமாமே? (டிக்கோயா)

குறையலாம் தம்பி, ஆனால் காரணம் வேறு. மூடி செம்பு, மேலே நிக்கல் முலாம். செம்பு நிக்கலைவிட நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பது சரிதான். ஆனால் முலாமோ சில மைக்ரோமீற்றர் படலம்; அதைச் சுரண்டி மிச்சப்படுவது ஒன்றுமில்லை. பலன் மூடி மட்டமாவதில்தான் இருக்கிறது. மூடிமேல் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டி, உட்காரும்; இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூசுவோம். மூடி நடுவில் குழிந்திருந்தால் அந்தப் பள்ளத்தைப் பேஸ்ட்தான் நிரப்ப வேண்டும். சாதாரண பேஸ்ட் செம்பின் கடத்துதிறனில் முப்பதில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. கோணலான மூடியை மட்டமாக்கினால் 2 முதல் 5 பாகை வரை இறங்கும். ஏற்கெனவே மட்டமாக இருந்தால் கை வலிதான் மிச்சம்.

எப்படித் தேய்ப்பது அண்ணா? (பண்டாரவளை)

முதலில் சவரத் தகட்டின் விளிம்பை மூடிமேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடுக்கில் ஒளி தெரியாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். தெரிந்தால் தடித்த கண்ணாடித் தட்டில் 400, 800, 1200 இலக்கத் தாள்களை வரிசையாக விரித்துச் சற்றே ஈரமாக்குங்கள். மூடிமேல் மார்க்கர் பேனாவால் கோடுகள் போட்டு, அதைத் தாளின்மேல் கவிழ்த்துத் தேயுங்கள். மை எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிந்தால் மட்டம் வந்துவிட்டது. புரொசசரின் அடிப்பக்கத்து மின்முனைகளில் நீரோ செம்புத் தூளோ படக்கூடாது. அதைவிட மென்மையான 2000 இலக்கத் தாள் முகம் பார்க்க மட்டுமே உதவும்.

என் முதல் முயற்சியில் தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தேன். ஓரங்கள் உருண்டு, இருந்த சூட்டுக்கு மேல் 6 பாகை ஏறியது.

நுவரெலியாக் குளிரில் இதெல்லாம் தேவையா?

சூழல் எத்தனை பாகை குளிர்கிறதோ ஏறக்குறைய அத்தனை பாகை சிப்பிலும் குறையும். கொழும்பைவிட அங்கே சுமார் 10 பாகை குறைவு. எந்தச் சாண்ட்பேப்பரும் அதைத் தராது. 1868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் விசிறியின் பலன் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஆதாயம் உங்கள் பக்கமே.

சேர், என் மடிக்கணினியில் செய்யலாமா? (பதுளை)

வேண்டவே வேண்டாம் தங்கச்சி. அதில் மூடியே இல்லை. நீங்கள் தேய்ப்பது சிப்பின் சிலிக்கனையே. விசிறியில் அடைந்த தூசியை எடுத்துவிட்டுப் புதிய பேஸ்ட் போடுங்கள். விறகடுப்புப் புகை படும் வீடென்றால் அந்தத் தூசி பிசினாக ஒட்டியிருக்கும்.

உத்தரவாதம்? (மஸ்கெலியா)

போய்விடும். மூடியில் பொறித்த மாதிரி எண்ணும் அழிவதால் விற்கும்போது விலையும் போகும்.

என்னுடையது இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5 புரொசசர். தேய்த்தும் 92 பாகையிலேயே நிற்கிறது. (கொட்டகலை)

2012இல் வந்த அந்தத் தலைமுறையில் இன்டெல் மூடிக்கும் சிப்புக்கும் நடுவே உலோகப் பற்றாசு வைக்காமல் பேஸ்ட் வைத்தது. அது காய்ந்திருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே எட்டாது. மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: ஹீட்சிங்க் புதிதென்றால் அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், என் கடைக்கு அப்படியே வந்திருக்கிறது.