மணியை விட்டுவிட்டுப் போகலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாங்கள் வர்ஜீனியாவில் ஆஷ்பர்ன் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. மணி என்று ஒரு நாய் வளர்க்கிறோம். காப்பகத்திலிருந்து எடுத்து வந்த லாப்ரடார் கலப்பு, முப்பது கிலோ இருப்பான். இந்த வசந்தத்தில் கேம்பிங் போயே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே நச்சரிப்பு. ஏப்ரல் முதல் வாரம் டென்னசி, வட கரோலைனா எல்லையில் இருக்கும் ஸ்மோக்கி மலைக்குப் போவோம் என்கிறார் கணவர். அப்போது திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருப்பார்கள், மே கடைசி வரை இருப்பார்கள். அம்மாவுக்கு நாய் என்றாலே பயம். சின்ன வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். "அந்த வாயில்லா ஜீவனை எதுக்குக் காட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க, எங்கயாவது விட்டுட்டு வாங்க" என்கிறார். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விட்டால் மணி சரியாகச் சாப்பிடுவதில்லை. கூட்டிப்போனால் எல்லோருக்கும் சிரமமாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. நாயோடு மலைக்குப் போவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் இடத்தையும் தேதியையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவில் எண்ணூறு மைலுக்கு மேல் நடைபாதை உண்டு. அதில் நாய்க்கு அனுமதி இரண்டே பாதைகளில்தான். கேட்லின்பர்க் பாதை ஒன்று, ஓகோனலஃப்டீ ஆற்றோரப் பாதை இன்னொன்று. இரண்டுமே குட்டிப் பாதைகள். ஏழெட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், அங்கே யார் மணியோடு கீழே இருப்பது, யார் மலையேறுவது என்று தினமும் காலையில் பேச்சு நடக்கும். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற பெரிய பூங்காக்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெனன்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஐந்நூறு மைலுக்கு மேல் பாதைகள். நாய்க்குத் தடை இருப்பது ஏறத்தாழ இருபது மைலில் மட்டும். ஆறடிக்கு மேல் போகாத கயிற்றில் பிடித்திருந்தால் மற்ற எல்லாப் பாதைகளிலும் மணி உங்களோடு நடக்கலாம், முகாமிலும் உங்களோடு தூங்கலாம். தடையுள்ள பாதைகளில் ஓல்ட் ராகின் உச்சிக்குப் போகும் வழி, டார்க் ஹாலோ அருவி, ஸ்டோனி மேன், பேர்ஃபென்ஸ் எல்லாம் அடக்கம். இணையத்தில் படம் பார்த்துப் பலரும் முதலில் தேடிப் போவது இவற்றைத்தான். அதனால் பட்டியலைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. ஏப்ரல் முதல் வாரத்தில் ஆஷ்பர்னில் செர்ரி பூத்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஷெனன்டோவாவில் நீங்கள் டென்ட் போடவேண்டிய பிக் மெடோஸ் முகாம் ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியில் வழக்கமாகத் திறந்துவிடுவார்கள், ஆனால் இரவில் தண்ணீர் உறையும் குளிர் ஏப்ரலிலும் வரும். அந்த மலைத்தொடரில் வசந்தம் கீழிருந்து மேலே ஏறும். அடிவாரத்தில் ரெட்பட் மரங்கள் பூத்துக் குலுங்கும்போது மேலே கிளைகள் மொட்டையாக நிற்கும். மே முதல் வாரம் போனால் மேலேயும் இலை விட்டிருக்கும், பாதையோரத்தில் ட்ரில்லியம் என்ற மூன்றிதழ்க் காட்டுப் பூக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நாலு வயதுப் பிள்ளையை டென்டில் படுக்கவைப்பதற்கு அந்த ஒரு மாத வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இனி நடை. நாயோடு குடும்பமாகப் போகிறவர்கள் திட்டத்தை நாய்க்காகப் போடவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மணிக்கு எது சரியோ அது உங்கள் மகனுக்கும் சரி, உங்கள் அப்பாவுக்கும் சரி. மணிக்கு உச்சி முக்கியமில்லை. ஒரு விழுந்த மரத்தை முகர்ந்து பார்க்க ஐந்து நிமிடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் மகன் குனிந்து அதே மரத்தைப் பார்ப்பான். மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால், ஈர இலைகளுக்கு நடுவே விரல் நீளத்தில், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிராணி மெதுவாகக் கால் எடுத்து வைத்துப் போவதைக் கண்டுபிடிப்பான். ரெட் எஃப்ட் என்பார்கள், நியூட் என்ற நீர்நில வாழ்வி இனத்தின் இளம் பருவம். பல்லி மாதிரி ஓடாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் தோலில் நஞ்சு உண்டு, பார்ப்பதோடு சரி, தொடவேண்டாம். மணியின் மூக்கையும் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்.

அதே பூங்காவில் பிளாக்ராக் சம்மிட் என்ற உச்சிக்குப் போய் வர ஒரு மைல்தான், உச்சியில் பெரிய பெரிய பாறைகள் குவிந்து கிடக்கும். முதல் நாளுக்கு அது போதும். மறுநாள் மகளுக்குத் தெம்பிருந்தால் ரோஸ் ரிவர் சுற்றுப் பாதை, நாலு மைல், வழியில் அருவி உண்டு. வசந்தத்தில் ஓடைகளில் தண்ணீர் வேகமாக வரும். கடக்கும் இடங்களில் மணியின் கயிறு பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. ஒரு அணில் ஓடினால் போதும், முப்பது கிலோ நாய் இழுக்கிற இழுப்பில் குழந்தை பாறையில் போய் விழும்.

கயிறு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காட்டில் கருங்கரடிகள் அதிகம், வசந்தத்தில் குட்டிகளோடு வெளியே வரும் காலம். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்தும், கரடி திரும்பினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியும். "எங்க நாய் சொன்ன பேச்சு கேட்கும்" என்று கயிறில்லாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ராத்திரியில் மணியின் சாப்பாட்டுப் பையும், கழுவாத கிண்ணமும்கூட, உங்கள் சாப்பாட்டோடு சேர்ந்து காருக்குள் பூட்டியிருக்க வேண்டும்.

கரடியைவிட நான் பயப்படுவது உண்ணிக்கு. வர்ஜீனியாவில் லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் உண்ணி தாராளமாக இருக்கிறது. அதன் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும், மே, ஜூனில்தான் அதிகம் திரியும். மே மாதம் போங்கள் என்று சொன்ன நானே இதையும் சொல்லியாக வேண்டும். நாய்களுக்கு லைம் நோய்த் தடுப்பூசி உண்டு. சில வார இடைவெளியில் இரண்டு முறை போடவேண்டும் என்பதால் இப்போதே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், உண்ணி மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள். மனிதர்களுக்கு அப்படித் தடுப்பூசி இப்போதைக்கு இல்லை. ஆகவே தினமும் உடம்பில் உண்ணி தேடிப் பார்ப்பதுதான் வழி.

தினமும் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, மணியைப் பக்கத்தில் படுக்கவையுங்கள். விரல் நுனிகளை முடிக்கு எதிர்ப்பக்கமாக விட்டுத் தோலைத் தடவிக்கொண்டே வரவேண்டும். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், கால் விரல்களின் இடுக்கு, வாலின் அடி. பார்வைக்குத் தப்பியது விரலுக்குத் தட்டுப்படும். மகளை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், சின்ன விரல்கள் பெரியவர்களை முந்திவிடும். மணிக்குப் பிறகு பிள்ளைகள் முறை. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், இடுப்பில், முழங்காலுக்குப் பின்னால். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் வேண்டாம். லைம் கிருமி உடம்பில் இறங்க உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்பதற்கு அதுதான் காரணம். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணிகளை ட்ரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நம் வீட்டில் வழிச் சாப்பாடு என்றால் தயிர்சாதம் நிச்சயம் இருக்கும், அதில் திராட்சையும் இருக்கும். திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பிள்ளைகள் பாசத்தில் ஒரு கை ஊட்டிவிடுவார்கள், தாத்தாவும் ஊட்டுவார். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா. அவருடைய பயத்தைப் பழக்கித் தீர்த்துவிடலாம் என்று இந்தப் பயணத்தில் முயலவேண்டாம். நாய்க்கடிக்கு வயிற்றில் ஊசி வாங்கிய தலைமுறைக்கு அந்தப் பயம் நியாயமானது, நம் ஊர்த் தெருக்களில் வெறிநாய்க்கடி இன்னும் உயிர் வாங்குகிறது. மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழை அவருக்குக் காட்டி, தமிழில் படித்துச் சொல்லுங்கள். அது ஓரளவு உதவும். காரில் அவருக்கும் மணிக்கும் நடுவே ஒரு வரிசை இருக்கட்டும்.

டென்டில் தரையில் படுத்து எழுவது இருவருக்குமே முடியாது. பிக் மெடோஸிலிருந்து, பூங்காவின் நடுவே மலைமேல் போகும் ஸ்கைலைன் டிரைவ் சாலையில் ஒன்பது மைல் வடக்கே ஸ்கைலேண்ட் விடுதி இருக்கிறது, அவர்களுக்கு அங்கே அறை போடுங்கள். அதன் பக்கத்திலேயே லிம்பர்லாஸ்ட் என்றொரு பாதை, ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம், சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சமதளம். நாய்க்கு அங்கே அனுமதி இல்லை. உங்கள் அம்மா பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்த நேரத்தில் கணவரும் மணியும் ஹாக்ஸ்பில் மலை ஏறிவிட்டு வரட்டும். 4,051 அடி, அந்தப் பூங்காவிலேயே உயரமான இடம், நாய்க்கு அனுமதி உண்டு. ஸ்மோக்கி போகாத குறை அவருக்கும் தீரும்.

அதற்குள் மணியைத் தயார் செய்யுங்கள். வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிற நாயைத் திடீரென்று கல்லிலும் மேட்டிலும் நாலு மைல் நடக்கவைத்தால் பாதம் உரிந்துவிடும். வாரா வாரம் கொஞ்சம் தூரம் கூட்டுங்கள். டென்டைக் கொல்லையில் அடித்து ஒரு ராத்திரி எல்லோரும் அதில் தூங்கிப் பாருங்கள். முதல் இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருப்பான், அதை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. முகாமில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்கவேண்டும், நாய்தான் குரைக்கிறது என்று காரணம் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பிக் மெடோஸில் இடங்களை ஆறு மாதம் முன்பிருந்தே பதிவு செய்வார்கள், மே மாத வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரத்தான இடங்கள் நடுநடுவே வந்துகொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.