பதிவிறக்கச் சுட்டியை எங்கிருந்து எடுத்துத் தருவது?

கேள்வி: கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கட்டற்ற மென்பொருள்களை அறிமுகப்படுத்தி வருகிறேன். நிறுவல் கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றித் தரலாமா, சுட்டி தருவது நல்லதா? தேடலில் முதலில் வரும் தளத்தையே அதிகாரபூர்வத் தளமாகக் கொள்ளலாமா?

பதில்: சுட்டி தருவதே நல்லது. ஆனால் தேடலில் முதலில் வந்தது என்பதற்காகவோ, முகவரி கச்சிதமாக இருக்கிறது என்பதற்காகவோ ஒரு தளத்தை நம்பிவிட வேண்டாம். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் புட்டியையே பாருங்கள். அதை எழுதிய சைமன் டாதமும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகளாக அதை வெளியிட்டுவரும் பக்கம், 'சியார்க் டாட் கிரீன்எண்ட்' என்று தொடங்கி நடுவில் அவருடைய பயனர்பெயரையும் தாங்கிய, வாயில் நுழையாத நீண்ட முகவரியில் இருக்கிறது. மென்பொருளின் பெயரோடு 'டாட் ஓஆர்ஜி' சேர்ந்த அழகான முகவரியோ நெடுங்காலம் வேறொருவர் கையில் இருந்தது.

விளம்பரங்கள் இதைவிட மோசம். 2023 அக்டோபரில், கடவுச்சொல் காப்பகமான கீபாஸின் பெயரில் கூகுளில் ஒரு போலி விளம்பரம் வந்தது. அது கொண்டுசென்ற முகவரியில், 'கே' எழுத்தின் அடியில் எறும்புக்கால் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் கூடுதலாக இருந்தது; திரையில் படிந்த தூசு என்று நினைத்துத்தான் எவரும் கடந்திருப்பார்கள். அங்கே கிடைத்த கோப்பில் தீநிரல் இருந்தது.

ஆகவே, மென்பொருளை ஏற்கெனவே நிறுவியிருந்தால் அதன் 'உதவி' பட்டியில் உள்ள முகவரியிலிருந்தும், இல்லையென்றால் விக்கிப்பீடியா கட்டுரையின் தகவல் பெட்டியிலிருந்தும் தொடங்குங்கள். அந்தத் தளம் சுட்டும் மூலநிரல் களஞ்சியத்துக்கு (மென்பொருளின் நிரல் வரிகளை வைத்திருக்கும் இடத்துக்கு) சென்று, களஞ்சியமும் அதே தளத்தைத் திருப்பிச் சுட்டுகிறதா என்று பாருங்கள். விக்கிப்பீடியாவை எவரும் திருத்தலாம் என்பதால் இந்த இரண்டாம் படியைத் தவிர்க்கக் கூடாது. இத்தகைய களஞ்சியங்களைத் தாங்கும் தளமான கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயருக்குக் கீழே, அது வேறொன்றிலிருந்து கிளைத்தது என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருந்தால், நீங்கள் நிற்பது யாரோ எடுத்துவைத்த நகலில், மூலத்துக்குச் செல்லுங்கள்.

டிரைவில் ஏற்றிய கோப்பு அன்றைய பதிப்போடு நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் மாணவர்கள் பழையதையே இறக்குவார்கள். போதாததற்கு, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வந்த மென்பொருளை நீங்களே பகிர்ந்தால் நீங்களும் ஒரு விநியோகஸ்தர். மூலநிரல் கிடைப்பதற்கான வழியையும் சேர்த்துத் தரும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பலரும் இதை யோசிப்பதே இல்லை.

சுட்டி தரும்போதும் கோப்புக்கு நேரடியாகத் தராமல், பதிவிறக்கப் பக்கத்துக்குத் தாருங்கள். புதிய பதிப்பும், கோப்பு மாறாமல் வந்ததா என்று ஒப்பிட உதவும் சரிபார்ப்புத் தொகையும், அதை வெளியிட்டவர் இவர்தான் என்று காட்டும் மின்னணுக் கையொப்பமும் அங்கேதான் இருக்கும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள் பதிவிறக்கச் சுட்டியையே மாற்றி, பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள் நுழைந்தவரால் அங்குள்ள சரிபார்ப்புத் தொகையையும் மாற்ற முடியும், ஆனால் உருவாக்குநரின் கையொப்பத்தை அவ்வளவு எளிதில் போட முடியாது. எனவே இயங்குதளம் போன்ற பெரிய கோப்புகளுக்குக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையையும் அதே செய்தியில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.