கேள்வி - பதில்: மழவரையர் மகளார்

செம்பியன் மாதேவி எத்தனை வயது வரை இருந்தார்? ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்கு சொல்கிறார்களே. – மயிலாடுதுறை வாசகர்

செம்பியன் மாதேவி மழவரையர் மகள், சோழ அரசர் கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் தாய். அவர் பிறந்த ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. பிறந்த நாள் மட்டும் இருக்கிறது: சித்திரைக் கேட்டை. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே உள்ள ஊரின் கைலாசநாதர் கோயிலில், அந்த நாளில் சிறப்பு வழிபாடு நடத்த அவருடைய மருமகள்மார், அதாவது உத்தம சோழனின் தேவியர், நிவந்தம் (கோயில் செலவுக்கான கொடை) வைத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்த நாளுக்கு மருமகள்கள் கூடிப் பணம் கட்டிய செய்தி கல்லில் ஏறுவது அபூர்வம்!

வயதைக் குத்துமதிப்பாகப் போடலாம். முதலாம் பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 941) திருச்சி உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்கு விளக்கு வைத்தபோதே அவர் கண்டராதித்தரின் மனைவி. ராஜராஜனின் 16-ஆம் ஆண்டில் (1001) திருவக்கரைக் கோயிலைக் கற்றளியாக்கினார், அதாவது கல்லால் கட்டினார். நடுவே 60 ஆண்டுகள். விளக்கு வைத்தபோது 13 வயது என்று வைத்தால்கூட 73 ஆகிறது. அதற்குக் குறையாது.

ஆறு அரசர்களைப் பார்த்தவர் என்பது சரியா? – திருச்சி வாசகர்

சரி. மாமனார் பராந்தகன், கணவர் கண்டராதித்தர், கொழுந்தனார் அரிஞ்சயன், கொழுந்தனார் மகன் சுந்தர சோழன், சொந்த மகன் உத்தமன், பேரன் முறையான ராஜராஜன். பட்டத்து இளவரசனாக இருந்து கொலையுண்ட ஆதித்த கரிகாலனையும் சேர்ப்பவர்கள் ஏழு என்பார்கள்.

கணவர் இறந்ததும் மகன் ஏன் பட்டத்துக்கு வரவில்லை? அம்மா விட்டுக்கொடுத்தாரா? – மதுரை வாசகர்

மகன் அப்போது சிறு பிள்ளை, அதனால் தம்பி அரிஞ்சயன் வந்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கண்டராதித்தரைக் கல்வெட்டுகள் ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்கின்றன. இறந்ததை மங்கலமாகச் சொன்னது என்பார் சிலர். மேற்கே யாத்திரை போனார் என்பார் சிலர். தில்லை மீது திருவிசைப்பா பாடியவர், ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றவர் என்பதால் இரண்டாவது கருத்துக்கும் ஆள் இருக்கிறார்கள்.

உத்தமன் ஆண்டது சுமார் 971 முதல் 985 வரை. மக்கள் அருண்மொழியை (பின்னாளைய ராஜராஜன்) விரும்பினார்கள், சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இதில் அம்மா என்ன சொன்னார் என்பதைக் கல்லோ செப்பேடோ பேசவில்லை. மகனைத் திட்டியது, அழுதது, சபதம் போட்டது எல்லாம் நாவலும் சினிமாவும் தந்தவை. ரசிக்கலாம், சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அதே குடும்பத்தில் சுந்தர சோழனின் தேவி வானவன் மாதேவி கைக்குழந்தையை விட்டுக் கணவரோடு தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்கிறது. பெரியவர் செம்பியன் மாதேவியோ கணவருக்குப் பின் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்து கோயில் கட்டினார். அவரையும் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அவருடைய குணத்தைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்ல முடியுமா? – கோவை வாசகர்

முடியும். இரண்டு ஊருக்குப் போனால் போதும்.

முதலில் கோனேரிராஜபுரம், பழைய பெயர் திருநல்லம். தென்புறச் சுவரில் ஒருவர் சிவலிங்கத்தைத் தொழும் சிறு சிற்பம் இருக்கிறது. கீழே எழுத்து. மகன் உத்தம சோழன் ஆளும்போது, தம்முடையார் (கணவர்) கண்டராதித்த தேவர் திருநாமத்தால் மாதேவடிகளார் (செம்பியன் மாதேவி) இந்தக் கற்றளியை எடுப்பித்தார், அதில் இறைவனைத் தொழுகிறவராக எழுந்தருளுவித்த கண்டராதித்த தேவர் இவர் என்று அது படத்துக்கே குறிப்பு எழுதுகிறது. பணம் அம்மாவுடையது, ஆட்சி மகனுடையது, பெயர் கணவருக்கு. அதோடு நிற்கவில்லை. வேலையை நின்று செய்வித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பவரையும், அவருக்குக் கிடைத்த ராஜகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டத்தையும் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். மேற்பார்வை பார்த்தவர் பெயரைக் கல்லில் போடும் வழக்கம் இன்றைக்கு எத்தனை திறப்புவிழாவில் இருக்கிறது?

அடுத்தது திருக்கோடிக்காவல். பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டும்போது வரும் பெரிய சிக்கல், பழைய கற்களில் இருக்கும் கொடை எழுத்துகள். நிலம், பொன், ஆடு யார் கொடுத்தார்கள், யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில்தான். கல் போனால் சொத்து போச்சு. திருப்பணி என்ற பெயரில் அப்படித் தொலைந்தவை ஏராளம். இங்கே 20-க்கும் மேற்பட்ட பழைய சாசனங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டி, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்துவைத்தார்கள். பல்லவர் காலத்துக் கொடைகூட அப்படிப் பிழைத்தது. பக்தி எல்லோருக்கும் இருந்தது. பத்திரத்தைக் காப்பாற்றும் புத்தி இவருக்குத்தான் இருந்தது என்பது எங்கள் அபிப்பிராயம்.

‘செம்பியன் மாதேவி’ என்று எங்கே கண்டாலும் இவர்தானா? நாமே கல்வெட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா? – கும்பகோணம் வாசகர்

இல்லை. அது பட்டப்பெயர் போன்றது; வேறு அரசியருக்கும் உண்டு. மாதேவடிகளும் அப்படியே. கூடவே ‘மழவரையர் மகளார்’, ‘கண்டராதித்த தேவர் தேவியார்’, ‘உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த’ (பெற்றெடுத்த) ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் இவர்தான்.

‘ஸ்வஸ்திஸ்ரீ’யில் ஆரம்பியுங்கள். அடுத்து அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். ௰௨ என்றால் 12. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள் என்பதால் இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ பராந்தகன். ‘பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி’ ஆதித்த கரிகாலன். வெறும் ‘கோப்பரகேசரி’ என்றால் உத்தமனாகவும் இருக்கலாம், அரிஞ்சயனாகவும் இருக்கலாம், தொடக்க கால பராந்தகனாகவும் இருக்கலாம். ஆண்டு எண்ணிக்கையையும் கொடையாளி பெயரையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ ஒரே மாதிரி, ஒ, ஓ ஒரே மாதிரி. ர-வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். இடையிடையே வடசொற்களை எழுதப் பயன்படும் கிரந்த எழுத்து வரும். திருக்கோடிக்காவலில் இன்னொரு பொறி: வாசகம் பல்லவ அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும், எழுத்தோ பத்தாம் நூற்றாண்டுச் சோழர் எழுத்தாக இருக்கும். படி என்பதை மறந்தால் காலம் குழம்பிவிடும்.

சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்க்காதீர்கள், கல் பாழாகும். காலையிலோ மாலையிலோ சாய்வாக வெளிச்சம் விழும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் எழுத்து தானே எழும். மைப்படி (தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பது) அனுமதி பெற்றவர்கள் வேலை.

அவர் வைத்த விளக்கு என்றால் எவ்வளவு செலவு? – சேலம் வாசகர்

அக்காலத்துப் பொது வழக்கு: ஒரு நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) 96 ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய். ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். ஆடு சாகாதென்று அர்த்தமில்லை. செத்ததற்கும் கிழடானதற்கும் பதில் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது மேய்ப்பவர் பொறுப்பு.

வாஷிங்டனில் இருக்கும் செப்புத் திருமேனி அவருடைய உருவமா? – சென்னை வாசகர்

ஃப்ரீயர் அருங்காட்சியகம் 1929-இல் வாங்கிய, மூன்றரை அடி உயரப் படிமம். அதில் எழுத்து எதுவும் கிடையாது. பார்வதி வடிவில் அரசியைச் செய்தார்கள் என்பது அறிஞர் ஊகம். வெறும் பார்வதிதான் என்போரும் உண்டு. ஊகத்துக்கு ஒரு பிடி இருக்கிறது: ராஜேந்திரன் காலத்தில், 1019-இல், செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் இந்த அரசியின் படிமம் வைக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கோயிலிலிருந்து திருடப்பட்டதுதான் இது என்று தமிழகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் கூறியது.

ஒரே நாளில் எவற்றைப் பார்க்கலாம்? – ஈரோடு வாசகர்

கும்பகோணத்தில் தங்கி, காலையில் ஆடுதுறை, திருக்கோடிக்காவல். மாலையில் குத்தாலம், கோனேரிராஜபுரம். பகல் 12 மணிக்கு மேல் நடை சாத்தினால் 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். கருவறைக்கு முன்னுள்ள அர்த்த மண்டபத்தின் தென்சுவரில் பிள்ளையார், ஆடவல்லான் (நடராஜர்), அகத்தியர் என்று வரிசையாக மாடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரில் மாடங்களைக் கூட்டி, அங்கே ஆடவல்லானை நிலையாக நிறுத்தியது இவருடைய கோயில்களின் அடையாளம்.