கேள்வி–பதில்: ஆல்ப்ஸ் மலைக்குடிலில் தங்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நடைக்குழு ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து போகிறது. குழுவினரும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த மாதப் பக்கம் சரியாகிவிட்டது.

கே: சபாவின் கினபாலு மலையில் லாபான் ராத்தா விடுதியில் முன்பு தங்கியிருக்கிறோம். ஆல்ப்ஸ் குடிலும் அப்படித்தானா?

ப: அடுக்குக் கட்டில், நேரத்துக்குச் சாப்பாடு, விடியுமுன் புறப்பாடு எல்லாம் உங்களுக்குப் பழகியதுதான். போகும் வழிதான் வேறு. கினபாலுவில் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்; தப்பு செய்தால் தடுக்க ஒருவர் கூடவே வருவார். ஆல்ப்ஸில் சாதாரண நடைபாதைக்கு இரண்டும் தேவையில்லை. வழியும் நேரமும் உங்கள் பொறுப்பு. சுவிஸ் பாதைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதையைக் குறிக்கும், உங்களால் முடியும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறை ஏற்றமோ பனியாறோ குறுக்கிடலாம். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

நேரக் கணக்கு இது. ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு 500 மீட்டர், சமதளத் தூரத்துக்கு 4 கிலோமீட்டர். உயரத்துக்கு ஆகும் நேரத்தையும் தூரத்துக்கு ஆகும் நேரத்தையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த வழியிலேயே சரிபார்க்கலாம்: கினபாலு ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர், லாபான் ராத்தா 3,272 மீட்டர், தூரம் 6 கிலோமீட்டர். 1,406 மீட்டர் ஏற ஏறக்குறைய 4 மணி 40 நிமிடம். 6 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி, அதில் பாதி 45 நிமிடம். மொத்தம் 5 மணி 25 நிமிடம். ஓய்வு இதில் சேராது. சுவிஸ் மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது. ‘பலகையில் மூன்று மணி என்றுதானே இருந்தது’ என்று இருட்டில் திணறுபவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள்.

கோடையில் பிற்பகல் இடிமழை அங்கும் வாடிக்கை. மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் குடிலில் இருக்கும்படி காலையிலேயே கிளம்புங்கள். பால் மரம் வெட்டப் போனவர்கள் வீட்டில் இருந்தால் இந்த நேரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் இரவை 2,500 மீட்டருக்குக் கீழே வைத்துக்கொண்டால் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் அண்டாது.

கே: இந்தக் குடில்களை யார் கட்டினார்கள்? பணக்காரர்களின் பொழுதுபோக்குக்காகவா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ப: ஓரளவு அப்படித்தான், ஆனால் தொடக்கம் அதுவல்ல. 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் 11ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்தினார்கள். அடுத்து வந்தவர்கள் விஞ்ஞானிகள். லூயி அகாசி 1840இல் பனியாற்றை ஆராய, உன்டெரார் பனியாற்றின் மேல் கிடந்த ஒரு பெரும் பாறையடியில் தங்கினார். அந்த இடத்தை வேடிக்கையாக ‘ஹோட்டல்’ என்றே அழைத்தார்கள். மோன் பிளாங் ஏறுபவர்களுக்காக கிராண் மியூலே குடில் 1853இல் எழுந்தது.

பிறகு மலைச் சங்கங்கள் வந்தன: லண்டனில் 1857, ஆஸ்திரியாவில் 1862, சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் 1863. சுவிஸ் சங்கம் தொடங்கிய ஆண்டிலேயே தோடி மலையில் தன் முதல் குடிலைக் கட்டியது. இன்று அதனிடம் ஏறத்தாழ 150 குடில்கள் இருக்கின்றன. மோன்டே ரோசாவில் 4,554 மீட்டரில் இத்தாலியர் 1893இல் திறந்த மார்கெரிட்டா குடிலில், உயரம் உடலை என்ன செய்கிறது என்று உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோஸ்ஸோ சோதனைகள் நடத்தினார். நீங்கள் கேட்ட பொழுதுபோக்கிலிருந்து மருத்துவத்துக்கும் கொஞ்சம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பனி உருகுவதால் இப்போது குடில்களுக்கே சிக்கல். 1877இல் அலெட்ச் பனியாற்றின் ஓரம் கட்டப்பட்ட கொன்கோர்டியா குடிலுக்கு, பனிமட்டம் இறங்கிக்கொண்டே போனதால், பாறையில் பொருத்திய 400க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டியிருக்கிறது. பழைய வரைபடத்தை நம்பாமல், கிளம்புமுன் குடில் காப்பாளரிடம் பாதை நிலவரம் கேளுங்கள்.

கே: போய்ச் சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ப: பூட்ஸை வாசல் அறையிலேயே கழற்றிவிடுங்கள், உள்ளே போட மிதியடி பல குடில்களில் வைத்திருப்பார்கள். அடுத்து காப்பாளரிடம் பதிவு. பெயரும் மறுநாள் போகும் இடமும் குடில் புத்தகத்தில் எழுதப்படும். நீங்கள் காணாமல் போனால் தேடுபவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான், கிறுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

தலையணையும் போர்வையும் அங்கே இருக்கும். உள்ளே நுழைந்து படுக்க மெல்லிய பருத்தி அல்லது பட்டு உறை ஒன்றை நீங்கள் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் போர்வையைத் தினமும் துவைக்கத் தண்ணீர் கிடையாது. சில இடங்களில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து முதுகுப்பையைப் படுக்கை அறைக்குள் விடமாட்டார்கள். இரவு உணவு ஆறரை மணி வாக்கில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். பத்து மணிக்கு விளக்கணைப்பு. விடியுமுன் கிளம்புபவர்கள் பையை இரவே அடுக்கி வைக்க வேண்டும். இருட்டில் பிளாஸ்டிக் பையைச் சலசலக்க வைப்பவரை அறையே சபிக்கும்.

முன்பதிவு செய்துவிட்டுப் போக முடியாவிட்டால் கட்டாயம் போன் செய்யுங்கள். பணம் கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். வராதவருக்கு விபத்தோ என்று தேடல் தொடங்கிவிடலாம். படுக்கை, இரவு உணவு, பசியாறல் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய 70 முதல் 100 பிராங்க். கார்டு இயந்திரம் இருந்தாலும் சிக்னல் போய்விடும், ரொக்கம் வைத்திருங்கள். குப்பையை உங்களோடு கீழே கொண்டுவர வேண்டும்.

கே: மகள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள். அரிசியும் சின்ன அடுப்பும் கொடுத்து அனுப்பலாமா?

ப: வேண்டாம். மூவாயிரம் மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 90 பாகையிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பானையில் சோறு நேரம் இழுக்கும், நடு அரிசி நறுக்கென்று நிற்கும். விமானத்தில் அடுப்பு வாயுவும் ஏற்றமாட்டார்கள். முன்பதிவின்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். வந்து சொன்னால் சூப்பும் ரொட்டியும்தான் மிஞ்சும். ‘மாடு மட்டும் வேண்டாம்’ என்று சொல்வது சரிவராது. குழம்புச் சாறே மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று தாராளமாகப் போகட்டும்.

குழாயில் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால் அது சுத்திகரிக்காத பனி உருகிய நீர். புட்டித் தண்ணீரை ஹெலிகாப்டரில் கொண்டுவருவதால் விலை அதிகம்.

கே: குளிக்கலாமா?

ப: பெரும்பாலும் முடியாது. ஈரத்துண்டோடு சமாளியுங்கள்.

கே: கொர்பு மலைக்குக் ‘கம்போங் அடிடாஸ்’ ரப்பர் சப்பாத்திலேயே ஏறினோம். அது போதுமா?

ப: நம் களிமண்ணுக்கும் வேருக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இறுகிய பனியில் அதற்கு விளிம்புப் பிடிப்பு கிடையாது, கூரிய கல்லில் பாதம் நோகும், குளிர் உள்ளே ஏறும். கணுக்கால் மூடிய பூட்ஸ் போடுங்கள்.

வீட்டில் பழைய பூட்ஸ் இருந்தால் இப்போதே சோதியுங்கள். நடு அடிப்பாகம் பாலியூரித்தேன் என்றால் நம் ஈர வெப்பம் அதைச் சும்மா கிடக்கும்போதே சிதைக்கும். மேலே புதிதுபோல் இருக்கும். பாதி ஏற்றத்தில் அடி கழன்று வரும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். பசை போட்டு ஒட்டுவது பயன்தராது. நல்லதென்றால், முழுச் சுமையான எட்டுக் கிலோ பையோடு சில வாரம் நடந்து பழக்குங்கள்.

கே: போன் வேலை செய்யாத இடத்தில் ஆபத்து வந்தால்?

ப: விசில் அல்லது கைவிளக்கால் நிமிடத்துக்கு 6 முறை சைகை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3 முறை வரும். சிக்னல் இருந்தால் 112. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. பயணக் காப்புறுதி எடுக்கும்போது, மலை மீட்பும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம்வரை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.