பிரஷர் மாறும்போது மூளை என்ன செய்கிறது? எந்தச் சோதனை எதைச் சொல்லும்

கேள்வி: மூளைக்குப் போகும் ரத்தத்தின் சரியான அளவை டாப்ளர், எம்ஆர்ஐ இரண்டில் எது காட்டும்?

இரண்டும் அளப்பதே வேறு வேறு. டாப்ளரில் காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, ஒலி அலை அனுப்பும் கருவியை வைத்து, நடு மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்க்கிறோம். 1982-இல் ரூனே ஆஸ்லிட் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் வேகம் எப்படி மாறுகிறது என்பது உடனுக்குடன் தெரியும். ஆனால் அது வேகம்தான், அளவு அல்ல. தமனி விரிந்துவிட்டால், கூடுதல் ரத்தம் போகும்போதே வேகம் குறைந்ததாகக் காட்டலாம். சிலருக்கு அந்த இடத்து எலும்பு ஒலியை உள்ளே விடுவதே இல்லை. வயதான பெண்களிடம் இது அதிகம். எம்ஆர்ஐ, மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று சொல்லும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். பிரஷர் மாறினால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சீராக வைக்கப் பார்க்கும்; அவை சில நொடிகளில் சமாளித்து முடிப்பதை அதில் பிடிப்பது கடினம்.

கேள்வி: சராசரி பிரஷர் 60-லிருந்து 150 வரை எப்படி இருந்தாலும் மூளையின் ரத்த ஓட்டம் மாறாது என்று படித்தேன். உண்மையா?

அப்படிக் காட்டும் வரைபடம் 1959-இல் லாசன் என்ற ஆய்வாளர் தொகுத்தது. பல ஆய்வுகளின் சராசரிகளைச் சேர்த்து வரைந்தது. ஒரே ஆளின் பிரஷரை ஏற்றி இறக்கிப் பார்த்ததல்ல. தனி ஆளிடம் ரத்த ஓட்டம் மாறாமல் இருக்கும் அந்தச் சமதளம் இதைவிடக் குறுகலாகவே இருக்கும். நாள்பட்ட ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மொத்தக் கோடும் அதிகப் பிரஷர் பக்கமாகத் தள்ளிப்போகும். அவர்களுக்குப் பிரஷரை வேகமாக இறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கேள்வி: ஐசியுவில் சொல்லும் பிஆர்எக்ஸ் என்பது என்ன?

மண்டைக்குள் இருக்கும் அழுத்தமும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் எண். அது 1-ஐ நெருங்கினால், மூளை தன் ரத்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் திறன் கெட்டிருக்கிறது என்று பொருள். மண்டைக்குள் சென்சார் வைத்தவர்களுக்கு மட்டுமே சாத்தியம்.

கேள்வி: ஒரே ஆளிடம் தொடைப் பட்டை, குந்தி எழுதல் என்று இரண்டு சோதனை செய்தோம். ஒன்று நன்று என்கிறது, மற்றது மோசம் என்கிறது. எதை நம்புவது?

தொடையில் கட்டிய பட்டையைச் சட்டென்று தளர்த்தும்போது பிரஷர் ஒரே ஒரு முறை விழுகிறது. 10 நொடி குந்தி, 10 நொடி நிற்கும் சோதனையில் அது அலை அலையாக ஏறி இறங்குகிறது. நலமான மூளையில் ரத்த ஓட்ட அலை பிரஷர் அலையை முந்திக்கொண்டு மீளும். ஆனால் மூளை, பிரஷர் ஏறும்போது சமாளிக்கும் அளவுக்கு விழும்போது சமாளிப்பதில்லை. ஆகவே இரண்டு முடிவும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை. ஒரு முறையைத் தேர்ந்து, அதே முறையில் திரும்ப அளந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம், மூச்சு. குந்தி எழும்போது பலர் தம்மையறியாமல் மூச்சைப் பிடிப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 1 மி.மீ. பாதரச அளவு மாறினாலே மூளை ரத்த ஓட்டம் ஏறக்குறைய 3 சதவீதம் மாறிவிடும். வெளிவிடும் மூச்சில் அதை அளந்தீர்களா? அளக்கவில்லை என்றால் இரண்டு பதிவுகளையும் ஒதுக்கிவிட்டுத் திரும்ப எடுங்கள்.