ஆச்சியின் சுருக்குப்பையில் இருந்த காசுகள்

கேள்வி: சென்ற மாதம் எங்கள் ஆச்சி காலமானார். அவருடைய மரப்பெட்டியின் அடியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. அதில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் ஒன்பது, ஓட்டைக் காலணாக்கள், சங்கு முத்திரையிட்ட செப்புக்காசுகள், குன்றிமணி அளவே உள்ள வெள்ளிக்காசுகள் இரண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் ராமர் சீதை உருவமும் பொறித்த 1818-ஆம் ஆண்டுக் காசு ஒன்று ஆகியவை இருக்கின்றன. ராமர் காசுக்கு மூன்று லட்சம் தருவதாகக் கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்த என் தம்பி, முதலில் பதிவுக்கட்டணம் கட்ட வேண்டும் என்கிறான். காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் படம் எடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: பணம் கட்ட வேண்டாம், புளியையும் தொட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டிப் பழைய காசுகளுக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. தம்பி ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். அந்த ராமர் காசும் கம்பெனி வெளியிட்ட நாணயம் அன்று. பிற்காலத்தில் யாரோ அடித்து விற்ற வில்லை.

புளியும் சாம்பலும் காசின் மேல் படிந்த களிம்போடு எழுத்தையும் உருவத்தையும் சேர்த்து அரித்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் மீன் முத்திரையிட்ட செப்புக்காசு ஒன்றை எனக்குக் காட்டினார்கள். பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் மீன் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டுமே விரலுக்குத் தட்டுப்பட்டது. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த மீனுக்கும், காலத்தால் கறுத்த நிறத்துக்கும்தான். ஆகவே காசை விளிம்பில் மட்டும் பிடித்து எடுங்கள்.

இனி வெள்ளி ரூபாய்களைப் பார்ப்போம். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11.66 கிராம் இருக்க வேண்டும். 1939 வரை அடித்தவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது சுமார் 10.7 கிராம், வெள்ளி உண்டு. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, அது நிக்கல். பெரும்பாலான ரூபாய்களுக்கு அன்றைய வெள்ளி விலையை ஒட்டியே மதிப்பு அமையும். பழமை மட்டும் விலையைக் கூட்டிவிடாது. விக்டோரியாவின் 1862 ரூபாயை ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்துக் குவித்ததால், அது இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருக்கிறதா என்று தனியே பாருங்கள். மன்னரின் அங்கியில் உள்ள யானைக்குத் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அரசு அதைத் திரும்பப் பெற்றது. 1939 ரூபாயும் அரிது. ஆனால் அதில் போலிகள் உலவுவதால் தெரிந்தவரிடம் காட்டாமல் கொடுத்துவிடாதீர்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தால் வெள்ளியின் விலை மட்டுமே கிடைக்கும்.

சங்குக்காசுகளும் குன்றிமணிக் காசுகளும் திருவிதாங்கூர் நாட்டுக்குரியவை; 1949 வரை உங்கள் ஊர் அங்கேதானே இருந்தது, பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்! அந்தச் சின்ன வெள்ளிக்காசுக்குச் சக்கரம் என்று பெயர். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் அரசின் ரூபாய். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் இவற்றை எண்ணுவது கடினம் என்பதால், குழிகள் வரிசையாக வெட்டிய பலகைமேல் கொட்டி ஆட்டி, குழிகள் நிறைந்ததும் மிச்சத்தைத் தள்ளிவிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். காசு எதிலாவது 1114 என்பதுபோல் எண் இருந்தால், தொள்ளாயிரம் ஆண்டுப் பழமை என்று மயங்க வேண்டாம். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சிடும் அதே கொல்லம் ஆண்டுதான் அது. ஆங்கிலக் கணக்கில் 1938-39. ஓட்டைக் காலணாக்கள் 1943 முதல் ஏராளமாக வெளிவந்தவை. அவற்றுக்குப் பெரிய விலை இல்லை.

அடையாளம் தெரியாதவற்றைப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். விலையை மட்டும் குறைந்தது இரண்டு நாணய வியாபாரிகளிடம் விசாரியுங்கள். நூறாண்டு கடந்த காசுகளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சக்கரங்கள் இரண்டையும் விற்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். விற்றாலும் பெரிய தொகை வராது, உங்கள் ஊர் இன்னொரு நாட்டில் இருந்த காலத்துக்கு வீட்டில் உள்ள சாட்சியும் போய்விடும். தனித்தனிக் காகித உறையிலிட்டு, ஆச்சியின் பெயரையும் பெட்டியில் கிடைத்த நாளையும் உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.