புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கடல்மீன் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 300 லிட்டர் தொட்டியில் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), பவளம், இரண்டு க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டேங் மீன் வைத்திருக்கிறேன். டேங் மீனின் மேல் வெள்ளைப் புள்ளி வந்தது. கடையில் சொன்னபடி ஹீட்டரை 31 டிகிரிக்கு ஏற்றினேன். நான்கே நாளில் புள்ளி போய்விட்டது. பத்து நாள் கழித்து இப்போது மூன்று மீனுக்கும் வந்திருக்கிறது. சூடு போதவில்லையா?
– வாசகர், சென்னை

பதில்: புள்ளியைப் போக்கியது ஹீட்டர் இல்லை. அது தானாகவே உதிர்ந்தது. சூடேற்றும் வைத்தியம் நன்னீர் மீன்களுக்கு உரியது. அங்கே புள்ளி போடுவது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி, கடல்நீரில் கிரிப்டோகாரியான். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு உயிர்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால், செவுள் ஏற்கெனவே புண்பட்ட மீனுக்கு அது இரட்டைச் சுமை.

கிரிப்டோகாரியான் தோலுக்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து 3 முதல் 7 நாள் தின்று வளரும். மேலே மெல்லிய தோல் மூடியிருப்பதால் அப்போது தண்ணீரில் போடும் மருந்து அதை எட்டாது. பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனைவிட்டு உதிர்ந்து மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே ஒன்று நூறு, இருநூறாகப் பிரிந்து வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். இந்த நீந்தும் பருவம் ஒன்றில்தான் மருந்து அதைக் கொல்லும். உங்கள் தொட்டியில் புள்ளி காணாமல் போன அந்தப் பத்து நாளும் அது மணலில் பெருகிக்கொண்டிருந்தது.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். ரவை தூவியதுபோல் எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகாரியான். மாவைச் சலித்துவிட்டதுபோல் பொன்னிறத் தூசியாகத் தெரிந்தால் அது வெல்வெட், அதாவது அமிலூடினியம். வெல்வெட் வந்த மீன் வெளிச்சத்தை வெறுக்கும், பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரைத் தள்ளும் பம்ப்) நீரோட்டத்துக்கு எதிரில் போய் நிற்கும், இரை எடுக்காது. செவுள் அசைவை 15 விநாடி எண்ணுங்கள். 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். வெல்வெட் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தூசி கண்ணில் படுமுன்பே மீன் செத்துவிடுவதும் உண்டு. அதற்கு நாள் பார்க்க நேரமில்லை, அன்றே தனித்தொட்டிக்கு (சிகிச்சைக்கென்று வைக்கும் சிறு தொட்டி) மாற்றிவிட வேண்டும். க்ளவுன் மீனின் தோல் சளிபோல் உரிந்து தொங்கினால் ப்ரூக்லினெல்லா. மற்ற இரண்டுக்கும் போடும் காப்பர் (தாமிர மருந்து) அதற்கு உதவாது, ஃபார்மலின் குளியல்தான்.

எதுவானாலும் இந்தத் தொட்டிக்குள் மருந்து போடாதீர்கள். காப்பர் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மீன்களைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

கேள்வி: 40 லிட்டர் தனித்தொட்டியில் காப்பர் போட்டேன். மறுநாள் டெஸ்ட் கிட்டில் பாதிகூட இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி குறைந்தது. ஐந்தாம் நாள் அளவு எகிறி மீன் செத்தது. அடியில் பவள மணல் மட்டும்தான் இருந்தது.
– வாசகர், கோவை

பதில்: அந்த மணல்தான் காரணம். பவள மணல், லைவ் ராக், கிளிஞ்சல் எல்லாம் சுண்ணாம்பு, காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். பிஎச் இறங்கினால் உறிஞ்சியதைத் திரும்ப விடும். நீங்கள் ஐந்து நாள் ஊற்றியதெல்லாம் கணக்கில் இருந்திருக்கிறது, கிட்டில் மட்டும் தெரியவில்லை. தனித்தொட்டி வெறும் கண்ணாடியாக இருக்கட்டும். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ இரண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஏர் ஸ்டோன் போதும். ஃபில்டரில் கார்பன் இருக்கவே கூடாது.

அளவு இது. லேப் தரக் காப்பர் சல்ஃபேட் (ஐந்து நீர் மூலக்கூறு கொண்ட நீலப் படிகம்) 1 கிராமை 250 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அதில் நாலில் ஒரு பங்குதான் காப்பர் என்பதால் 1 மி.லி. கரைசலில் ஏறக்குறைய 1 மி.கி. காப்பர் இருக்கும். 40 லிட்டருக்கு 8 மி.லி. போட்டால் 0.20 பிபிஎம் (லிட்டருக்கு 0.20 மி.கி.). ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். காலை 2 மி.லி., மாலை 2 மி.லி. என்று இரண்டு நாளில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். 0.15-க்குக் கீழே போனால் ஒட்டுண்ணி தப்பும், 0.25-ஐத் தாண்டினால் மீனுக்கு ஆபத்து. இந்த இடைவெளி குறுகியது என்பதால் தினம் இரண்டு முறை சோதனை தேவை. 30 நாள் தொடர வேண்டும். நடுவில் 0.15-க்குக் கீழே இறங்கினால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். மளிகைக் கடைத் துரிசு (கடைத் தரக் காப்பர் சல்ஃபேட்) இதற்கு வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறதென்று தெரியாது.

அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். 10 லிட்டர் புதுத் தண்ணீரில் முன்கூட்டியே 2 மி.லி. கரைசல் கலந்துவிட்டால் அளவு மாறாது. அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. அவை காப்பரின் வேதிநிலையை மாற்றி மீனுக்கு நஞ்சாக்கிவிடும். கடையில் விற்கும் கட்டுண்ட காப்பர் மருந்துகளுக்கு (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்தவை) அளவு வேறு, பலவற்றுக்கு 2 பிபிஎம்-ஐ ஒட்டியது. மேலே சொன்ன கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: காப்பரே இல்லாமல் முடியாதா?
– வாசகர், திருச்சி

பதில்: கிரிப்டோகாரியானுக்கு மட்டும் முடியும். மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுத் தொட்டிக்கு, புதுத் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டே போங்கள். 1, 4, 7, 10, 13-ஆம் நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உதிர்ந்த ஒட்டுண்ணி கூட்டைவிட்டு வெளிவருமுன் மீன் கிளம்பிவிடும். வலையில் தூக்கிப் போடுங்கள், பழைய தண்ணீர் கூடவே வரக்கூடாது. காலிசெய்த தொட்டி, ஹீட்டர், ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி எடுக்கலாம். வெல்வெட்டுக்கு இந்த வழி பலிக்காது. உப்படர்த்தியை 1.009-க்கு இறக்கும் வைத்தியமும் வெல்வெட்டுக்கு ஆகாது.

கேள்வி: பூண்டுச் சாறு, க்ளீனர் இறால் (மீன் உடம்பைச் சுத்தம் செய்யும் இறால்) உதவுமா?
– வாசகர், மதுரை

பதில்: பூண்டு பசியைத் தூண்டலாம், அவ்வளவுதான். க்ளீனர் இறாலால் தோலுக்குள் இருப்பதைப் பிடுங்க முடியாது.

கேள்வி: மீன் உடம்பைக் கல்லில் உரசுகிறது, கண் மங்கலாக இருக்கிறது, புள்ளி மட்டும் இல்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஃப்ளூக் என்னும் தட்டைப்புழுவாக இருக்கும். குளோரின் இல்லாத நன்னீரை எடுத்து, சமையல் சோடாவால் பிஎச்சைத் தொட்டியின் அளவுக்கு ஏற்றி, வெப்பத்தையும் சமமாக்கி, காற்று விட்டு, மீனை 5 நிமிடம் வையுங்கள். முதல் நிமிடம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாலும் பதற வேண்டாம். மூச்சு நின்றதுபோல் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அடியில் கறுப்பு விரிப்பு இருந்தால், கண்ணாடிபோல் இருந்த புழுக்கள் வெளுத்து எள் அளவில் உதிர்வது தெரியும். இதனால் ஃப்ளூக் என்று உறுதியாகும், சிகிச்சை இனிமேல்தான். தனித்தொட்டியில் பிராசிகுவான்டெல் என்ற புழுக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 2.5 மி.கி., 40 லிட்டருக்கு 100 மி.கி. போடுங்கள். முட்டையை இது கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு வாரத்தில் முட்டை பொரிந்திருக்கும், ஆனால் குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அப்போது இரண்டாம் அளவைப் போடுங்கள்.

கேள்வி: மீன் தனித்தொட்டியில் தேறிவிட்டது. எப்போது திருப்பி விடலாம்?
– வாசகர், சென்னை

பதில்: மீன் தேறியதை வைத்து நாள் குறிக்காதீர்கள், பெரிய தொட்டி மீனில்லாமல் கிடந்த நாளை எண்ணுங்கள். கிரிப்டோகாரியான் கூடு 72 நாள்வரை தாங்கியது பதிவாகியிருக்கிறது. 76 நாள் என்று பலரும் வைத்திருப்பது அதனால்தான். தண்ணீரை 27 டிகிரியில் வைத்து 45 நாளில் முடிப்போரும் உண்டு. அவசரமில்லை என்றால் 76-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம், இரை குறைவாகப் போடுங்கள். இடையில் கடையிலிருந்து ஒரு பவளத் துண்டு புதிதாக வந்தாலும், அதன் அடிக்கல்லில் கூடு ஒட்டியிருக்கலாம், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். தனித்தொட்டி வலையை இந்தத் தொட்டியில் நனைக்காதீர்கள். இரண்டு தொட்டிக்கும் நடுவில் பத்தடியாவது இருக்கட்டும், காற்றுக்குமிழ் தெறிக்கும் நீர்த்துளியில் வெல்வெட் ஏறி வரும்.